கையெழுத்தும் இசைவும்: அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் சொல்

மருத்துவ இசைவு என்பது, தன் உடலில் செய்யப்படவிருக்கும் சோதனையையோ சிகிச்சையையோ அதன் தன்மை, நோக்கம், பயன், இடர் ஆகியவற்றை அறிந்து, எவரது வற்புறுத்தலுமின்றி நோயாளி தாமே ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். இந்திய மருத்துவமனைகளில் இன்று இசைவு என வழங்குவதோ பெரும்பாலும் ஒரு படிவம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளிலோ, சில நேரங்களில் அறுவை அரங்கின் வாசலிலோ, பயிற்சி மருத்துவர் அல்லது செவிலியர் கொண்டுவரும் அந்தப் படிவத்தில், நோயாளியுடன் வந்தவர் கையெழுத்திட்டதும் இசைவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இதில் இரண்டு நழுவல்கள் நிகழ்ந்துள்ளன: உரையாடலின் இடத்தைத் தாளும், நோயாளியின் இடத்தை உறவினரும் எடுத்துக்கொண்டுவிட்டனர். முதலாவதைப் பற்றி மருத்துவ உலகம் ஓரளவு பேசிவருகிறது. அதைவிட ஆழமான இரண்டாவது நழுவல் பண்பாட்டின் பெயரால் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது என்பதும், முதலாவதைச் சரிசெய்வதற்கும் அதுவே தடையாக நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இசைவு பற்றிய சட்டச் சிந்தனை நீதிமன்றங்களில்தான் வளர்ந்தது. சோதனைக்கு மட்டும் ஒப்பிய பெண்ணின் கட்டியை அகற்றியது தொடர்பான நியூயார்க் வழக்கில், தெளிந்த மனநிலையுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தம் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு என்ற கோட்பாட்டை நீதிபதி கார்டோசோ 1914இல் வகுத்தார். எவ்வளவு சொன்னால் போதும் என்பதில்தான் பிற்காலக் கருத்து வேறுபாடு எழுந்தது. 1957இல் இங்கிலாந்தில் தீர்ப்பான போலம் வழக்கு, பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார் என்றது. அதாவது அளவுகோல் மருத்துவர்களின் கையில் இருந்தது. 1972இல் அமெரிக்காவின் கேன்டர்பரி வழக்கும், 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் மான்ட்கோமரி வழக்கும் அந்த அளவுகோலை நோயாளியின் பக்கம் நகர்த்தின. பிந்தைய வழக்கில், நீரிழிவு உள்ள கர்ப்பிணிக்குப் பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து என்ற அளவில் இருந்தும் அது அவரிடம் சொல்லப்படவில்லை. அந்த நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்வது மருத்துவரின் கடமை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவின் நிலையை 2008 ஜனவரியில் வந்த சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு வரையறுத்தது. 1995இல், 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிச் சோதனைக்காக மயக்க மருந்து அளிக்கப்பட்ட நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் இசைவு பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. நோயாளி வயதுவந்தவர், மயக்கம் தெளிந்ததும் தாமே முடிவெடுக்கக்கூடியவர், காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து நேரும் நிலையும் இல்லை. ஆகவே தாயின் இசைவு செல்லாது என்றும், சோதனைக்குத் தந்த இசைவைச் சிகிச்சைக்கும் நீட்டிக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. இதே தீர்ப்பு, மாற்றுச் சிகிச்சைகளையும் கணிசமான இடர்களையும் சிகிச்சையை மறுத்தால் வரும் விளைவுகளையும் சொன்னால் போதும், மிக அரிதான இடர்களைச் சொல்லத் தேவையில்லை என்று போலம் வழியில் நின்றது. இந்த இரண்டாம் பகுதியின் குறைபாடே பின்னர் அதிகம் பேசப்பட்டது. ஆனால் அன்றாட மருத்துவப் பணியில் கூடுதலாக மீறப்படுவது முதற்பகுதி. நோயாளிக்கு வழங்கப்பட்ட இழப்பீடு 25,000 ரூபாய்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. உரிமையின் தன்மையைத் தெளிவாக வகுத்த நீதிமன்றம் அதன் மீறலுக்கு இட்ட விலை மிகவும் குறைவு.

இந்த மீறலுக்குத் தனிப்பட்ட மருத்துவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. தொழில்நெறி விதியே அதற்கு வழிவிடுகிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.16ஆம் பிரிவு, அறுவைச் சிகிச்சைக்கு முன் யாரிடம் எழுத்துவழி இசைவு பெற வேண்டும் எனப் பட்டியலிடும்போது, கணவன் அல்லது மனைவியை முதலிலும், சிறாராக இருப்பின் பெற்றோர் அல்லது காப்பாளரை அடுத்தும், நோயாளியைக் கடைசியிலும் வைக்கிறது. மலட்டுத்தன்மை விளையக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் இசைவும் தேவை என்றும் அது சொல்கிறது. மாறாக, 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்த பெண்ணின் இசைவு ஒன்றையே கோருகிறது. கணவரின் கையெழுத்து அதில் இடம்பெறவே இல்லை. எனினும் அந்தக் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் மறையவில்லை. 2023 ஆகஸ்டில் வெளியான புதிய நடத்தை விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்கின்றன.

உறவினரின் கையெழுத்தை மருத்துவர்கள் நாடுவதற்கு அச்சமும் ஒரு காரணம். 1995இல் வி. பி. சாந்தா வழக்கில் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு வழக்கு பற்றிய கவலை வளர்ந்தது. மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கட்டணம் செலுத்துபவரும், நோயாளி இறந்தால் கேள்வி கேட்பவரும் உறவினரே என்பதால், அவரிடம் கையெழுத்து வாங்குவது தற்காப்பாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தற்காப்பு வலுவற்றது. அச்சத்தினாலோ தவறான புரிதலினாலோ தரப்பட்ட இசைவு இசைவே ஆகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு. ஆகவே படிக்காமல் இடப்பட்ட கையெழுத்து மருத்துவரைக் காப்பதும் அரிது. புரியவைத்த உரையாடலை நோயாளிக் குறிப்பேட்டில் இரண்டு வரிகளில் பதிந்து வைப்பது அதைவிட உறுதியான காப்பு.

புரியவைப்பதில் மொழியின் பங்கு பெரிது. நோயாளிக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தகவல் தர வேண்டும் என்பதை இசைவின் வரையறைக்குள்ளேயே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சேர்த்துள்ளது. இந்த வரையறை மனநலத்துக்கு வெளியேயும் முன்மாதிரியாகத் தக்கது. ஆங்கிலத்தில் கற்ற மருத்துவர், தாம் கற்றதைப் படுக்கையருகே தமிழாக்க வேண்டியவராகிறார்; அதற்கான பயிற்சி அவருக்கு நெடுங்காலம் தரப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்பதை எண்ணும்போது இந்த இழப்பின் அளவு விளங்கும். 2019இல் இளநிலை மருத்துவப் படிப்பில் சேர்க்கப்பட்ட மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் பாடப்பகுதி இக்குறையை நீக்கும் முயற்சிதான். ஆனால் அது வட்டார மொழியில் பேசிப் பழகும் பயிற்சியாக நடத்தப்பட்டால்தான் பயன் தரும். “கொஞ்சம் ரிஸ்க் இருக்கு” என்னும் தொடர் நோயாளிக்கு எதையும் தெரிவிப்பதில்லை. நூறு பேருக்கு இந்த அறுவை நடந்தால் எத்தனை பேருக்கு இன்ன சிக்கல் வரும் என்பது தெரிவிக்கும். “புரிந்ததா?” என்ற கேள்வியும் போதாது, ஏனெனில் “சரிங்க டாக்டர்” என்ற விடை தமிழில் மரியாதையின் வெளிப்பாடு, புரிதலுக்கு அது சான்றாகாது. வீட்டில் கேட்பவர்களிடம் இந்த அறுவையைப் பற்றி என்ன சொல்வீர்கள் என நோயாளியையே சொல்லவைத்தால், எது போய்ச் சேரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தனிமனிதத் தன்னுரிமை மேலைநாட்டுக் கருத்து, இங்கே முடிவெடுப்பது குடும்பம் என்பது அது. இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது: மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருப்பதும், கடன் வாங்கிச் செலவு செய்வதும், அறுவைக்குப் பின் புண்ணைத் துடைத்துப் பராமரிப்பதும் குடும்பமே. ஆயினும் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் காணலாம். “அவருக்குத் தெரிய வேண்டாம்” என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்ள, மருத்துவரும் புற்றுநோயைக் ‘கட்டி’ என்றும் ‘புண்’ என்றும் சொல்லிக் கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் தொடங்கிவிடுகிறார். உடன் படுத்திருப்பவர்களைப் பார்த்தும் மருந்தின் கடுமையைக் கொண்டும் நோயாளி உண்மையை ஊகித்துக்கொள்கிறார். ஆனால் அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒருவரும் இல்லை. பிள்ளைகள் அறிந்திருப்பதை அவர் அறியாததுபோலவும், அவர் அறிந்திருப்பதைப் பிள்ளைகள் அறியாததுபோலவும் கடைசி மாதங்கள் கழிகின்றன. நிலத்தைப் பங்கிடவும், மனத்தாங்கலைத் தீர்க்கவும், பேரக்குழந்தையைப் பார்க்க ஊருக்குத் திரும்பவும் கிடைத்திருக்கக்கூடிய காலம் அது.

குடும்பத்தை வெளியேற்றுவதோ, விரும்பாதவர்மீது உண்மையைத் திணிப்பதோ இதற்குத் தீர்வாகாது. சிலர் உள்ளபடியே அறிய விரும்புவதில்லை. “நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி” என்று சொல்லும் முதியவர் முடிவைப் பிறரிடம் ஒப்படைக்கிறார், அந்த ஒப்படைப்பும் இசைவின் ஒரு வடிவமே. ஆனால் அதை அவர் செய்தாரா, அவருக்காகப் பிறர் செய்தார்களா என்பதில்தான் வேறுபாடு உள்ளது. நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார், முடிவெடுக்கும்போது யார் உடனிருக்க வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளை, சோதனைகள் தொடங்கும் முன்னரே நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், பின்னர் உறவினர் வற்புறுத்தும்போது மருத்துவருக்கும் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. விபத்தில் நினைவிழந்தவரைப் போன்ற அவசர நிலைகளில், நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சிகிச்சைக்கு இசைவு தேவையில்லை எனச் சட்டமே விலக்கு அளிக்கிறது. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிக் கூட்டத்தில் நீண்ட உரையாடலுக்கு நேரமில்லை என்பதும் மெய்யே. அறுவை திட்டமிட்டதாயின், சேர்க்கைக்கும் அறுவைக்கும் இடையிலுள்ள வார்டு நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம். நடத்தை விதிகள் மீண்டும் எழுதப்படும்போது, 7.16ஆம் பிரிவின் பட்டியலில் வயதுவந்த நோயாளியின் பெயர் முதலில் வர வேண்டும். கணவனோ மனைவியோ பெற்றோரோ அவர் சுட்டிக்காட்டினால் மட்டுமே அதன்பின் இடம்பெற வேண்டும்.