தம்பிமார் கதையும் மார்த்தாண்ட வர்மாவும்

திருவனந்தபுரம் தம்பானூர்ப் பேருந்து நிலைய வளாகத்தில் உள்ள அரசுத் திரையரங்கு, 2019இல் மறைந்த இயக்குநர் லெனின் ராஜேந்திரனின் பெயரைத் தாங்கியது. அவர் 1997இல் எடுத்த 'குலம்' என்னும் படத்துக்கு மூலம், சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மலையாளப் புதினமாகும். அந்நிலையத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தேறிச் செல்பவர், அதே வரலாறு தலைகீழாகப் பாடப்பட்டு வந்த நிலத்தைச் சென்றடைகிறார்.

வரலாற்றுச் செய்தி சுருக்கமானதே. 1729இல் மன்னர் இராம வர்மா இறந்தபின் மருமக்கள்தாய முறைப்படி அவர்தம் மருமகன் மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். மன்னரின் மக்களான தம்பிமார் இருவரும் அதனை எதிர்த்துக் கொல்லப்பட்டனர். சி. வி.யின் புதினத்தில் மூத்தவரான பத்மநாபன் தம்பி காமமும் வஞ்சமும் நிறைந்தவர். இளவரசரோ மாறுவேடத்தில் உயிர் தப்பித் திரியும் அறச்செல்வர். ஸ்காட்டின் புதினங்களைப் படித்துப் பழகிய கை இதில் தெரிகிறது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டாகிய 'வலிய தம்பி குஞ்சு தம்பி கதை'யிலோ தம்பிமாரே தலைவர்கள். தங்கையின் மணப்பேச்சு முறிந்ததைப் பகைக்கு மூலமாகக் காட்டும் அப்பாடல், அவர்கள் சூழ்ச்சியால் வீழ்ந்ததை இரங்கிப் பாடுகிறது. வெட்டுண்டு இறந்தோரைத் தெய்வமாக்கும் மரபில் வந்த பாடலுக்கு இது இயல்பே. (புதினத்தை 1933இல் ஊமைப்படமாக்கிய சுந்தர்ராஜ் நாகர்கோவில்காரர் என்பது சுவையான செய்தி. பதிப்புரிமை வழக்கால் அப்படம் விரைவில் முடங்கியது.)

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவன எளிய சொற்களே. 'தம்பி' இங்கு இளையவன் அன்று. மன்னரின் நாயர் மனைவியர் பெற்ற ஆண்மக்களுக்குரிய பட்டம். பெண்மக்கள் 'தங்கச்சி' எனப்பட்டனர். 'வலிய' என்பதனை வலிமையுடைய என்றும், 'குஞ்சு' என்பதனைப் பறவைக் குஞ்சு என்றும் பிற தமிழ் வட்டாரத்தார் கொள்ளக்கூடும். அவை மூத்த, இளைய என்னும் பொருளன. 'பெரிய தம்பி, சின்னத் தம்பி' என மாற்றினாலோ அரச குமாரர் ஊர்ப்பையன்களாகிவிடுவர். 'எட்டு வீட்டுப் பிள்ளைமார்' என்பதும் அத்தகையதே. நாயர் பிரபுக்களைக் குறிக்கும் அத்தொடர் தமிழகத்தில் வேளாளரை நினைவூட்டும்.

இவற்றினும் நுண்ணியது 'மருமகன்'. பொதுத் தமிழில் மகளின் கணவன் என்பதே அதற்கு முதற்கண் தோன்றும் பொருள். நாஞ்சில் வேளாளருக்கோ அது சொத்துரிமை பெறும் சகோதரி மகன். அவர்களும் மருமக்கள் வழியினரே. அம்முறையால் மனைவி மக்கள் பட்ட அல்லலைக் கவிமணி தம் 'மருமக்கள் வழி மான்மியத்'தில் எள்ளி நகைத்தார். 1926ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை மாற்றியது. எனவே, தம்பிமார் கதையை மன்னர்மேற் கொண்ட பகையாகக் காண்பது போதாது. தந்தை வாழ்ந்த வீட்டைத் தந்தை இறந்ததும் இழந்து வெளியேறிய மக்கள், அரண்மனை மக்களின் வீழ்ச்சியில் தம் துயரையே கேட்டிருத்தல் கூடும். புதினத்தைத் தமிழாக்குவோர் 'மருமகன்' என்பதற்குச் 'சகோதரி மகன்' என்று எழுதினால் பொருள் தெளிவாகும். ஆனால் பாடலையும் புதினத்தையும் பிணைக்கும் சொல் மறைந்துபோகும். மூலச்சொல்லை நிறுத்தி, முதன்முறை வருமிடத்தில் விளக்குவதே தக்கது.