மொஸார்ட் குடும்பத்தின் ஏழு வார கிராமவாசம்

ஐரோப்பாவுக்குக் குடும்பத்தோடு டூர் போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் பாரிஸ், லண்டன், வியன்னா என்று நகரமாகத்தான் இருக்கும். நடுவில் இரண்டு நாள் ஏதாவது கிராமத்தில் தங்கலாமே என்று யாராவது சொன்னால் "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. 1763-ல் கிளம்பிய ஒரு குடும்பமும் இப்படித்தான் நகரப் பட்டியலோடு கிளம்பியது. அவர்கள் திட்டத்திலேயே இல்லாத ஒரு கிராமத்தில் ஏழு வாரம் தங்க வேண்டி வந்தது. தங்கியது ஆசையால் அல்ல, நோயால்.

சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பின் இசைக்குழுவில் வயலின் கலைஞராக இருந்தவர் லியோபோல்ட் மொஸார்ட். மனைவி ஆனா மரியா. மகள் நானெர்லுக்குப் பதினொன்று, மகன் உல்ஃப்காங்குக்கு ஏழு. இரண்டு பிள்ளைகளும் ஹார்ப்சிகார்டில் அமர்ந்தால் பெரியவர்களே வாயடைத்துப் போவார்கள். இதை ஐரோப்பா முழுக்கக் காட்ட வேண்டும் என்று 1763 ஜூன் 9-ஆம் தேதி நால்வரும் ஒரு வேலையாளோடு சொந்த வண்டியில் புறப்பட்டார்கள். முதல் நாட்களிலேயே வண்டிச் சக்கரம் உடைந்து வாஸர்பர்க் என்ற சிறிய ஊரில் நிற்க வேண்டியதானது. அந்த ஓய்வில் பையன் அங்கிருந்த சர்ச் ஆர்கனில் கால்கட்டைகளை மிதித்து வாசிக்கக் கற்றுக்கொண்டான்! பின்னால் நடக்கப் போவதற்கு இது ஒரு முன்னோட்டம் மாதிரி.

பிறகு மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ். 1764 ஏப்ரல் 23 அன்று லண்டன். நான்கே நாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன் வாசித்தாயிற்று. சன்மானம் 24 கினி. ஜூன் 5-ஆம் தேதி பொதுமக்களுக்கான கச்சேரி. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததில் லியோபோல்டின் சாமர்த்தியம் தெரியும். கோடை வந்தால் ஆங்கிலப் பிரபுக்கள் நகரத்தைக் காலி செய்துவிட்டுக் கிராமத்து மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஜூன் 4 மன்னரின் பிறந்தநாள், அதற்காகத் திரும்பி வருவார்கள். அந்தக் கூட்டத்தை மறுநாள் பிடித்துவிட்டார். மூன்று மணி நேரத்தில் 100 கினி வசூல். ஊரில் தன் வீட்டுக்காரரான ஹாகெனாவருக்கு இதைத் தனக்கு ஓர் அதிர்ச்சி என்று வேடிக்கையாக எழுதினார். (ஹாகெனாவருக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருப்பதால்தான் இத்தனை விவரமும் நமக்குக் கிடைக்கிறது.)

அடுத்த அதிர்ச்சி வேடிக்கையானதல்ல. ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பிரபுவின் வீட்டில் கச்சேரி. வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகளை இரண்டு ஆட்கள் சுமக்கும் மூடுபல்லக்கில் ஏற்றிவிட்டு, லியோபோல்ட் பின்னாலேயே நடந்தார். தூக்குகிறவர்கள் வேகமாகப் போக, இவர் வியர்க்க விறுவிறுக்க ஓட வேண்டியிருந்தது. அதே வியர்வையோடு, ஜன்னல்கள் திறந்திருந்த அறையில் மெல்லிய பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தொண்டையில் ஆரம்பித்தது, படுக்கையில் தள்ளிவிட்டது. ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது என்று அந்தக் காலத்து வைத்தியமெல்லாம் நடந்தது. உடம்பு இன்னும் பலவீனமானது. இங்கிலாந்தில் "கோல்ட்" என்று ஒரு நாட்டு வியாதி உண்டு, அதனால்தான் இங்கே யாரும் கோடை உடை போடுவதில்லை என்று பின்னால் எழுதினார். ஜலதோஷத்தைப் புதிய வியாதி மாதிரி விளக்குவது படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தன் பெயரில் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கச் சொல்லி ஊருக்கு எழுதும் அளவுக்கு அவர் பயந்திருந்தார்.

அவர் இறந்திருந்தால்? ஊர் தெரியாத இடத்தில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். பேச்சு, கணக்கு, பயணம், கச்சேரி ஏற்பாடு எல்லாம் அந்த ஒரு மனிதரின் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வருமானமும் நின்றுவிட்டது. லண்டனோ நிலக்கரிப் புகையில் மூழ்கிய நகரம். நல்ல காற்று வேண்டும் என்று ஆகஸ்ட் 6-ஆம் தேதி குடும்பம் செல்சீக்கு இடம் மாறியது.

இன்றைய செல்சீயை நினைத்துக்கொள்ளக் கூடாது. அன்று அது லண்டனுக்கு வெளியே இருந்த கிராமம். காய்கறித் தோட்டங்கள், 1673-ல் தொடங்கிய மூலிகைத் தோட்டம், பக்கத்தில் தேம்ஸ். இவர்கள் தங்கிய வீடு இருந்த தெருவுக்கே ஐந்து வயல் வரிசை என்று பொருள்படும் பெயர். நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே அந்த வயல்வெளி கிடந்தது. இருட்டினால் வழிப்பறிக்குப் பேர் போன இடம் அது. பகலில் ஜன்னலைத் திறந்தால் எல்லாப் பக்கமும் தோட்டம், தூரத்தில் மாளிகைகள். உலகத்திலேயே மிக அழகான காட்சிகளில் ஒன்று என்று லியோபோல்ட் எழுதினார். பாரிஸையும் வெர்சாய் அரண்மனையையும் பார்த்துவிட்டு வந்த மனிதர் சொன்னது இது.

முதலில் சாப்பாடு வெளியிலிருந்து வரவழைத்தார்கள். அது சகிக்கவில்லை. ஆனா மரியாவே சமைக்க ஆரம்பித்தார். அவர் செயின்ட் கில்கன் என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். வீட்டுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் உடம்பு தேறியது. லண்டன் திரும்பியபின்னும் வீட்டிலேயே சமைப்பது என்று முடிவானது. ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்ட குடும்பத்துக்கு இதுவே பெரிய விஷயம்தான்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பாவுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்பதால் வாத்தியத்தைத் தொடக்கூட அனுமதியில்லை. தினமும் யார் முன்னாலாவது வாசித்துக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று எந்த வேலையும் இல்லை. எட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? பேப்பரை எடுத்து சிம்பொனி எழுத உட்கார்ந்தான்.

இதைச் சொன்னது நானெர்ல், 1800-ல் ஒரு இசைப் பத்திரிகையில் வெளியான தன் நினைவுகளில். தம்பி எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்தது அவள்தான். ஹார்னுக்கு ஏதாவது நல்லதாகக் கொடுக்கணும், எனக்கு ஞாபகப்படுத்து என்று தம்பி சொன்னானாம். ட்ரம்பெட்டும் முரசும் இருந்ததாகவும் நானெர்ல் சொல்கிறார். முதல் சிம்பொனி என்று இன்று சொல்லப்படும் கே.16-ல் அவை இல்லை. இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள் மட்டுமே. எனவே நானெர்ல் சொன்னது வேறு ஏதோ தொலைந்துபோன சிம்பொனியாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய நினைவு, கொஞ்சம் கலந்துபோயிருக்கவும் கூடும். ஆனால் கே.16-ன் இரண்டாம் பகுதியில் ஹார்ன்களுக்கு நாலு ஸ்வரம் கொண்ட ஒரு சிறிய வரி கிடைத்திருக்கிறது. 1788-ல் எழுதிய தன் கடைசி சிம்பொனியான ஜூபிட்டரின் முடிவுப் பகுதியை மொஸார்ட் அதே நாலு ஸ்வரத்தின் மேல்தான் கட்டினார்.

கிராமத்துக் காற்று சிம்பொனி எழுத வைத்தது என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் யோஹான் கிறிஸ்டியன் பாக், ஏபெல் ஆகியோரின் இசையைக் கேட்டிராவிட்டால் எழுத விஷயமே இருந்திருக்காது. (ஏபெலின் சிம்பொனி ஒன்றைப் பையன் அப்படியே பிரதி எடுத்து வைக்க, அதை மொஸார்ட்டின் மூன்றாவது சிம்பொனி என்றே உலகம் வெகுகாலம் நம்பியது!) கே.16-ன் கையெழுத்துப் பிரதியில் அப்பாவின் திருத்தங்களும் இருக்கின்றன. நகரம் காதில் போட்டது. கிராமம் நேரம் கொடுத்தது.

அந்த நேரம் பிறகு கிடைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் லண்டன் திரும்பினார்கள். 1765 பிப்ரவரி கச்சேரியில் பையனின் சிம்பொனிகளே அரங்கேறின. வசூல் லியோபோல்ட் நினைத்த அளவுக்கு இல்லை. அந்தக் கோடையில் ஒரு மதுக்கடையின் அறையில், தினமும் பகலில், ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணத்தில், கட்டைகளைத் துணியால் மூடிவிட்டு இரண்டு பிள்ளைகளும் வாசித்துக் காட்டினார்கள். அரண்மனையில் தொடங்கியது இப்படி வித்தை காட்டுவதில் வந்து நின்றது.

சால்ஸ்பர்க் சேர்ந்தது 1766 நவம்பர் 29. 1769-ல் அப்பாவும் தம்பியும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது நானெர்லை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு கல்யாணமாகி அம்மா பிறந்த அதே செயின்ட் கில்கனில் குடியேறினார். ஹார்ன் கதை வெளிவந்தபோது அவர் இருந்ததும் அங்கேதான். தம்பி இறந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செல்சீ வீடு இன்றும் இருக்கிறது. முகவரி 180, எபரி தெரு. வயல்களை 19-ஆம் நூற்றாண்டில் பெல்கிரேவியா மாளிகைகள் விழுங்கிவிட்டன. கொஞ்ச தூரத்தில் விக்டோரியா பஸ் நிலையம். கிராமம் பார்க்க ஆசைப்படும் லண்டன் பயணிகள் பலர் அங்கிருந்துதான் பஸ் ஏறுகிறார்கள்.