சிறு படகும் பெரு வீரமும்

கடல் காணாத நாட்டினர் நாம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிற் பிறந்து வளர்ந்தார்க்குக் கொள்ளிடமும் வெள்ளாறும் ஊர் ஏரிகளுமே நீர்ப்பரப்பாம். அண்மையில் நம் சங்கக் கூட்டத்தில் ஓர் அன்னையார், “என் மகன் கடற்படையிற் சேர விழைகின்றான், கடலோ கரையோரத்தார்க்கு உரியதன்றோ? உள்நாட்டுப் பிள்ளை அங்கே என் செய்வான்?” என்று நம்மை வினவினார். அதற்கு விடையாக ஒரு சரித்திரம் கூறுவாம்.

1971-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் போர் மூண்டது. நம் கடற்படையில் அப்போது ருஷிய நாட்டில் இயற்றப்பெற்ற சிறு ஏவுகணைப் படகுகள் இருந்தன. முன்னை உலகப் போர்களிற் பெருங்கப்பல்களை நடுங்கச் செய்த டார்பிடோப் படகுகளின் வழிவந்தவை இவை. டார்பிடோ நீருட் பாயும். ஏவுகணையோ வான்வழிச் செல்லும். படகொன்றுக்கு நான்கு கணைகள். துறைமுகங் காத்தற்கென அமைந்தமையின் நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் இவற்றிற்கு இல்லை. ஆகவே, பெருங்கப்பல்கள் இவற்றைக் கயிறு பூட்டி இழுத்துச் செல்லவும் மாலுமிகள் பயின்றனர்.

நிபாத், நிர்காத், வீர் என்னும் மூன்று படகுகள் கராச்சியைத் தாக்குமாறு ஏவப்பட்டன. கில்டான், கச்சால் என்னும் கப்பல்கள் துணைபோந்தன. தலைமை பூண்டவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ். பகைவிமானங்களுக்கு அஞ்சிப் பகலில் தொலைவில் நின்று, டிசம்பர் 4 இரவில் விரைந்து நெருங்கினர். நிர்காத் எய்த இரு கணைகளால் கைபர் என்னும் பெரிய நாசகாரிக் கப்பல் மூழ்கிற்று. தம்மைத் தாக்கியது விமானமென்றே அக்கப்பலார் கருதினர்! வீர், முகாபிஸ் என்னும் கண்ணிவாரிக் கப்பலை அழித்தது. நிபாத், கீமாரி எண்ணெய்க் கிடங்கை நோக்கியும் கணை செலுத்திற்று. மூன்று படகுகளும் ஓருயிரும் இழவாது மீண்டன. யாதவர்க்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. டிசம்பர் 4 இன்றும் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

அன்னையீர், இவ்வீரர் அரியானாவைச் சேர்ந்தவர். அந்நாட்டிற்கும் கடற்கரை இல்லை! நம் கங்கைகொண்டசோழபுரமும் கரையினின்று உள்ளொடுங்கியதே. ஆயினும் அங்கிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவிற் கடாரத்தின்மேற் கலஞ்செலுத்தினான். ஆதலின், கடல் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. பயிற்சியையும் துணிவையுமே கேட்கின்றது.

எனினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. கைபரில் மாண்டோர் 200-க்கு மேற்பட்டார். அவர்களும் தாய்மார் பெற்ற மக்களே. டிசம்பர் 9-இல் நம் குக்ரி கப்பல் தாக்குண்டு மூழ்க, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர். அதன் தலைவர் முல்லா பிறரைக் காக்க முயன்று, கப்பலோடு தாமும் ஆழ்ந்தார்.

ஆகலின் அஞ்சற்க என்று யாம் கூறோம். அஞ்சுதல் தாய்மைக்கு இயல்பு. “கடல் நமக்குரியதன்று” என்ற காரணத்தால் மட்டும் மகனைத் தடுத்தல் வேண்டா என்பதே நம் வேண்டுகோள். ஆபத்தையும் பெருமையையும் ஒருங்கே அவனுக்கு எடுத்துரைமின். பின்னர் அவனே தெளிக.