முன்பதிவு விற்பனை

ஒரு பொருள் வெளிவருவதற்கு முன்பே வாங்குபவர் தம் பிரதியை உறுதிசெய்துகொள்ளும் முறை. நூல், இசைத்தட்டு, கணினி விளையாட்டு, கைபேசி ஆகியவற்றில் பரவலாக உள்ளது.

பதிப்புத் துறையில் இது பழைய வழக்கம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் இலியட் மொழிபெயர்ப்பை (1715–1720) சந்தாதாரர்களை முன்னதாகச் சேர்த்தே ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரே புரவலரை அண்டி வாழாமல் எழுத்தாளர் நிமிர்ந்து நிற்க அது வழிவகுத்தது. உ.வே.சாமிநாதையரும் 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக பிரதி வாங்குவதாக அன்பர்களிடம் முன்னதாகக் கையொப்பம் வாங்கினார். இன்றைய தமிழ்ப் பதிப்பகங்கள் பெரிய தொகுதிகளை முன்வெளியீட்டுத் திட்டத்தில் சலுகை விலைக்குத் தருகின்றன.

எத்தனை படி அச்சிடலாம் என்பது விற்பவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தனித்து இயங்கும் படைப்பாளிக்கோ முன்பதிவுப் பணமே அச்சுக்கூலி. 2022இல் அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நான்கு நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 4.1 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வாசகர் கூட்டம் அவருக்கு இருந்தது. புதியவர் அத்தொகையை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. வந்த பணம் தயாரிப்பிலேயே கரைந்து, அஞ்சல் செலவுக்குத் திண்டாடுவதே இம்முறையின் பெரிய ஆபத்து.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, பணம் பதிவின்போதே எடுக்கப்படுமா, அனுப்பும்போதா என்பதே. அமெரிக்க விதிப்படி, சொன்ன காலத்தில் பொருளை அனுப்ப முடியாத விற்பனையாளர் தாமதத்தைத் தெரிவித்து, பதிவை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் தர வேண்டும். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் முன்பதிவு செய்த விளையாட்டை, அது வெளியாகும்வரை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொடுக்கலாம்.