வாசலில் ஒட்டிய சீட்டு

நூறு மேஜைகள் உள்ள ஒரு காரியாலயம். மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். அச்சிடும் யந்திரம் இன்னதென்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். பொதுக் கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். இதற்காக ஒருவர் மேஜை மேஜையாகப் போனால், கடைசி மேஜையை அடைவதற்குள் முதல் மேஜைக்குப் புது உத்தரவு வந்துவிடும்.

அரசர்கள் காலத்தில் இதற்குத் தண்டோரா இருந்தது. ஆனால், அன்று ஊரில் இல்லாதவன் காதில் தண்டோரா விழாது. கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்ட வழி வேறு. எல்லோரும் ஒரு வாசல் வழியாகத்தானே உள்ளே வரவேண்டும்? அந்த வாசலிலேயே சீட்டை ஒட்டிவிட்டால் என்ன? பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகிறபோதே, சீட்டில் எழுதிய கட்டளைகள் தாமாக நடந்துவிடும். இதற்குத்தான் 'லாகான் ஸ்கிரிப்ட்' என்று பெயர்.

இந்த யோசனையின் வேர், மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வராத காலத்திலேயே இருக்கிறது. 1961 நவம்பரில், அமெரிக்காவின் மாஸசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் சகாக்களும் செய்து காட்டினார்கள். அதன் பெயர் ஸி.டி.எஸ்.எஸ். பலர் புழங்கும் வீடாகிவிட்டதால் கடவுச்சொல்லும் கூடவே வந்தது.

அங்கே வேலை செய்த லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் ஸி.டி.எஸ்.எஸ்.ஸுக்காக டஜன் கணக்கில் கட்டளைகளை எழுதியவர். கட்டளைகளையே செங்கல்லாக அடுக்கிப் புதுக் கட்டளை கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1963-64 வாக்கில் 'ரன்காம்' என்ற நிரலை எழுதினார். ஒரு கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால், மனிதன் தட்டெழுதியது போலவே அது ஒவ்வொன்றாக நடத்திவிடும். 'ஷெல்' என்ற பெயரும் அவர் சூட்டியதுதான். யூனிக்ஸில் தொடக்கக் கோப்புகளின் பெயர் இன்றும் 'ஆர்.ஸி.' என்று முடிகிறதே, அது அந்த ரன்காமின் சுருக்கந்தான்!

1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யிலும் காரியாலயங்களுக்கு இந்தச் சீட்டு இருந்தது. ஊழியரின் கணக்கில் ஸ்கிரிப்டின் பெயரைக் குறித்துவிட்டு, கோப்பைச் சர்வரில் வைத்தார்கள். 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, ஆள் ஆளாகக் குறிக்கும் தொல்லையையும் போக்கிற்று. 'குரூப் பாலிஸி' மூலம் ஒரு பிரிவு முழுவதற்கும் ஒரே உத்தரவு. நுழையும்போது, வெளியேறும்போது, யந்திரம் விழிக்கும்போது, உறங்கும்போது என்று நான்கு வேளைக்கும் சீட்டு ஒட்டலாம்.

சரி, அந்தச் சீட்டிலேயே தவறு நேர்ந்தால்?

அதுவும் ஸி.டி.எஸ்.எஸ்.ஸிலேயே நடந்தது. அங்கே உள்ளே வருகிற எல்லோருக்கும் அன்றைய அறிவிப்பு ஒன்று அச்சாகும். ஒரு நாள் நிர்வாகி ஒருவர் அந்த அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் இன்னொரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தும் நிரலோ, ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று நம்பி, தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்திருந்தது. இரண்டும் இடம் மாறின. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகத் தொடங்கின! கார்பட்டோவே இதைத் தம் டூரிங் விருது உரையில் ஒளிக்காமல் சொன்னார்.

இந்தக் கதையில் திருடன் யாருமில்லை. கடமையைச் செய்த இரண்டு பேரும், தவறாக நம்பிய ஒரு நிரலுந்தான். மேஜை மேஜையாகப் போகிறவன் தவறு செய்தால் ஒரு மேஜை கெடும், மூன்றாவது மேஜையிலாவது யாராவது, "ஐயா, இது சரியில்லையே!" என்று தடுப்பார்கள். வாசல் சீட்டைத் தடுக்க யாருமில்லை. ஆகவேதான் விவரம் தெரிந்த நிர்வாகிகள் சீட்டில் எழுதும் உரிமையை ஓரிருவருக்கே தருகிறார்கள். புதுச் சீட்டை முதலில் தங்கள் மேஜையிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள்.

நடந்து களைத்த கால்களுக்கு அந்தச் சீட்டு ஓய்வு கொடுத்தது. கண்களுக்கு மட்டும் அது ஓய்வு கொடுக்கவில்லை.