குடியேற்றத்தின் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் உண்டு. மனிதனை உரைத்துப் பார்க்கவும் உரைகல் உண்டோ என்று கேட்டால், உண்டு என்றே உலக நாடுகள் விடை பகர்கின்றன. நம் காலனியில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால், "பிள்ளைக்குப் பரீட்சையில் எத்தனை மார்க்கு?" என்று கேட்பது முன்னாள் வழக்கம். இன்றோ, ஹிஞ்சவடியிலே கணிப்பொறி உத்தியோகம் பார்க்கும் அதே பிள்ளைக்குக் கனடாவில் எத்தனை மார்க்கு, ஆஸ்திரேலியாவில் எத்தனை மார்க்கு என்று கேட்கின்றோம். நம் இளைஞர்கள் 'பி.ஆர்.' என்று சுருக்கமாகச் சொல்லும் நிரந்தரக் குடியிருப்பு உரிமையைப் பெறுவதற்கான மார்க்கு அது. அவ்வுரிமை பெற்றவர், வந்த நாட்டிலே தங்கலாம், தொழில் செய்யலாம். ஆயினும் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. கையிலிருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டே.

இந்த மார்க்கு முறை எங்கிருந்து வந்தது? இதற்கு முன் நம்மவரை எந்த உரைகல்லில் உரைத்தார்கள்? விழா மலரின் இச்சில பக்கங்களில் அவ்வரலாற்றை அன்பர்களோடு சேர்ந்து நோக்குவோம்.

கல்லில் நின்ற பெயர்

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பௌத்த ஆலயத்தின் காட்சிச்சாலையில் கையடக்கமான கல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பழந்தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. பத்தன் என்றால் பொற்கொல்லன். கடல் கடந்து சென்ற தமிழ்த் தட்டான் ஒருவன், பொன்னின் மாற்றுக் காணத் தன்னுடன் கொண்டு சென்ற உரைகல் அது. கைத்தொழில் திறமையை மூலதனமாகக் கொண்டு அயல்நாடு சென்ற தமிழருள், பெயர் நிலைத்து நிற்கும் மிகப் பழையவருள் அவன் ஒருவன் எனலாம்.

அவனுக்குப் பின் வணிகக் குழுவினர் சென்றனர். சுமத்ரா தீவில் பாரூஸ் என்னும் இடத்தருகே, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. அக்காலத்தில் அயல்நாட்டில் தங்குவதற்குத் தகுதி, கையிலிருந்த தொழிலும் துறைமுகத்து அரசனின் இசைவுமே.

மூன்று பவுன் வரி

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறியது. தொழில் தெரிந்தவன் தானே சென்ற காலம் போய், கூலிக்கு ஆள் ஏற்றுமதி செய்யும் காலம் வந்தது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. அது நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் குடியேற்ற நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்றோரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அது. 1911இல் இவ்வேற்றுமதி நிறுத்தப்படும் வரையில் சென்றவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்.

ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கினர். காய்கறி பயிரிட்டனர், சிறு கடை வைத்தனர். உழைப்பாளியாக வரவேற்கப்பட்டவன், அண்டை வீட்டுக்காரனாக நின்றபோது வேண்டாதவன் ஆனான். 1895இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்பின் ஒப்பந்தத்தில் வருவோர், காலம் முடிந்ததும் ஊர் திரும்பவேண்டும். அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் கட்டுப்படவேண்டும். சுதந்திரமாகத் தங்க விரும்பினால் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்தவேண்டும். கூலியாளின் நான்கு மாதச் சம்பளத்திற்கு மேற்பட்ட தொகை அது! தங்கும் உரிமைக்கு அன்று வைத்த உரைகல் இது.

இவ்வரியை எதிர்த்து 1913இல் காந்தியடிகள் தலைமையில் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலையை விட்டு வெளிவந்தனர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்த இளநங்கை தில்லையாடி வள்ளியம்மையை அறியாத தமிழர் இரார். அதே 1914இல் வரி நீக்கப்பட்டது. தங்கும் உரிமை என்பது நம் முன்னோருக்கு இலவசமாகக் கிடைத்த பொருள் அன்று.

பூட்டாக வைத்த மொழித் தேர்வு

இன்று அயல்நாடு செல்ல விரும்பும் இளைஞர் முதலில் எழுதுவது ஆங்கிலத் தேர்வு. இதற்கும் ஒரு பழங்கதை உண்டு. 1897இல் நேட்டால் அரசு மற்றொரு சட்டம் கொணர்ந்தது. வந்திறங்குபவர், குறித்த படிவத்தை ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. இந்தியர் வரக்கூடாது என்று வெளிப்படையாக எழுதினால் பேரரசுக்குப் பழி வரும். ஆகவே கல்வித் தகுதி என்னும் திரையைத் தொங்கவிட்டார்கள்.

இம்முறையை முன்மாதிரியாகக் கொண்டு ஆஸ்திரேலியா 1901இல் சட்டம் இயற்றியது. அதிகாரி சொல்லச்சொல்ல, 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எழுதவேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். பல மொழி வல்லவரான எகோன் கிஷ் என்னும் செக் எழுத்தாளர் 1934இல் அங்குச் சென்றபோது, அவருடைய அரசியற் கொள்கை பிடிக்காத அரசினர் ஸ்காத்லாந்து மலைநாட்டவர் பேசும் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். இம்மொழி சட்டத்தில் குறித்த ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால் அவர் தப்பினார். நம்மவர்க்காகப் பூட்டிய பூட்டு வெள்ளையர் ஒருவரையும் அகப்படுத்திய வேடிக்கை இது. இத்தேர்வு 1958இல்தான் ஒழிந்தது.

கனடாவோ மொழியைத் தொடவில்லை, கப்பலைத் தொட்டது. பிறந்த நாட்டிலிருந்து நேராக, இடையில் மாறாமல் வரவேண்டும் என்று 1908இல் விதித்தது. இந்தியாவிலிருந்து அங்கு நேர்க்கப்பல் இல்லை. ரெயில் ஓடாத தடத்திற்கு நேர் டிக்கெட்டுக் கேட்பது போன்றது இது! 1914 மே மாதம் 'கோமகதா மாரு' கப்பலில் 376 இந்தியர் வான்கூவர் துறையை அடைந்தனர். அவர்களுள் மிகச் சிலரே இறங்க அனுமதிக்கப்பட்டனர். இரண்டு மாதம் கடலிலேயே காத்துக் கிடந்து, ஜூலை 23இல் கப்பல் திரும்பியது.

காகிதம் இல்லாத உழைப்பாளர்

தொலைதூர நாடுகளின் கதை இவ்வாறிருக்க, மிக அருகிலுள்ள இலங்கையில் நேர்ந்ததே தமிழர் நெஞ்சை அறுப்பது. காப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். நூறாண்டுக் காலம் அம்மலைகளில் உழைத்தனர். காட்டை அழித்துச் செடி நட்டவர்களும், கொழுந்து கிள்ளியவர்களும், அந்நாட்டிற்கு ஏற்றுமதிச் செல்வம் ஈட்டித் தந்தவர்களும் அவர்களே.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தகப்பன் பாட்டன் அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயக் குடிசையில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1949இல் மற்றொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் இடைவிடாமல், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் வசித்ததை நிரூபித்தால் குடியுரிமை உண்டு என்றது. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர் ஐந்தில் ஒரு பங்கினரும் இலர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அதுவரை கண்டிராத 'சொந்த ஊர்' நோக்கி ரெயிலேறியவர் பல்லாயிரவர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் குறை தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. உழைப்பு ஒன்றே வாழும் உரிமையைத் தந்துவிடும் என்று நம்பினவர்களுக்கு வரலாறு கற்பித்த கசப்பான பாடம் இது.

மார்க்கு முறை பிறந்தது

இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேல்நாடுகளில் ஆலைகளும் ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின. ஐரோப்பாவிலிருந்து வேண்டிய அளவுக்கு ஆள் வரவில்லை. நிறத்தைப் பார்த்தால் வேலை நடவாது என்ற நிலை தோன்றியது. 1951இல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150 பேர் என்று அளந்து கொடுத்த கனடா, 1962இல் இன வேறுபாட்டை விதிகளிலிருந்து பெரிதும் நீக்கியது. அதே ஆண்டில் பிரிட்டன், காமன்வெல்த்து நாட்டவருக்கு மூன்றுவகைச் சீட்டுகளை ஏற்படுத்தி, அவற்றில் ஒன்றைத் தொழில் தகுதி உடையோருக்கென ஒதுக்கியது. அமெரிக்கா 1965இல் பழைய நாட்டுவாரிப் பங்கீட்டை ஒழித்தது. ஆஸ்திரேலியா 1973இல் வெள்ளையர் கொள்கையைக் கைவிட்டு, 1979இல் மார்க்கு முறைக்கு வந்தது.

இவற்றுள் முன்னோடி 1967 அக்டோபர் முதல் கனடா நடத்திய திட்டமே. 100க்கு 50 மார்க்கு வாங்கினால் தேர்ச்சி. கல்விக்கு 20, நேர்முக மதிப்பீட்டிற்கு 15, தொழிலின் தேவைக்கு 15, தொழில் திறமை, வயது, கைவசமுள்ள வேலை, ஆங்கிலம் பிரெஞ்சுப் பயிற்சி ஆகியவற்றுக்குத் தலா 10, அங்குள்ள உறவினருக்கு 5, செல்லும் ஊரின் வேலை வாய்ப்புக்கு 5. படித்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மார்க்கு. 35 வயதுக்குமேல் ஆண்டுக்கு ஒரு மார்க்குக் குறையும். மெட்ரிகுலேஷனோடு நின்று நாற்பத்திரண்டு வயதை எட்டிய எம்மனைய ரெயில்வே குமாஸ்தா ஒருவர் கணக்கிட்டால், கல்வியில் 10, வயதில் 3, ஆக முப்பதுக்குப் பதின்மூன்று! டிக்கெட்டுக் கணக்கில் ஒரு பைசா பிசகாத இருபதாண்டு அனுபவத்தை அவ்விரண்டு கட்டங்களிலும் எழுத இடம் இல்லை.

காலப்போக்கில் அட்டவணை மாறிற்று. 2003இல் கனடாவின் தேர்ச்சி எல்லை 67 ஆயிற்று. 2013இல் திருத்திய அட்டவணையில் மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12. 1967இல் பத்தே மார்க்குப் பெற்ற மொழி, முதலிடத்திற்கு வந்துவிட்டது. 2015 முதல், தகுதி பெற்றாலும் போதாது. தகுதி பெற்றோரையும் தரவரிசைப்படுத்தி மேலே நிற்பவரையே அழைக்கின்றனர். அமெரிக்காவிலோ, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்வழி வருவோர்க்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்கள். எந்த ஒரு நாட்டுக்கும் அவற்றில் நூற்றுக்கு ஏழு என்ற எல்லை. அதனால் தகுதியுடைய இந்தியர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கின்றனர்.

பழைய மொழித் தேர்வுக்கும் இன்றைய தேர்வுக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. அன்று தோற்கடிப்பதற்காகவே தேர்வு வைத்தார்கள். இன்று பாடத்தை முன்னரே சொல்லிவிட்டுத் தேர்வு வைக்கிறார்கள். உழைத்தால் வெல்லலாம். ஆனால் உரைகல்லைக் கையில் வைத்திருப்பவர் அன்றும் இன்றும் ஒருவரே. தமக்கு எது தேவையோ அதனையே அவர் பொன் என்பார். தேவை மாறினால் மாற்றும் மாறும்.

புனேயும் நாமும்

இனி நம்மையே எண்ணிப் பார்ப்போம். போர்க் கணவாயின் இருப்புப்பாதை 1863இல் திறந்தது. பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் 1871இல் ராய்ச்சூரில் கைகோத்தன. அவ்வழியே நம் முன்னோர் வந்தனர். ரெயில்வேயிலும், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், இராணுவ அலுவலகங்களிலும் பணி புரிந்தனர். அவர்களை எவரும் மார்க்குப் போட்டு நிறுத்தவில்லை. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள நமது அரசியல் சட்டம், 19ஆம் பிரிவில், இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் நிலைத்துக் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. சட்டம் படித்தோர் தவிர மற்றவர் நினைத்தும் பாராத இவ்வுரிமை, நேட்டாலிலும் இலங்கையிலும் நம்மவர் கண்ணீர் விட்டும் எளிதில் பெறமுடியாத செல்வம்.

இது ஒருவழிப் பாதையும் அன்று. சிவாஜி மகாராஜாவின் தம்பி வெங்கோஜி தஞ்சையில் அரசு நிறுவிய நாள் முதல், மராட்டியக் குடும்பங்கள் காவிரிக் கரையில் வாழ்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராட்டியக் கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் தமிழ் கற்றார்கள். நாம் மராட்டி கற்றோம். அங்கும் இங்கும் மொழி தேர்வாக இல்லை, பழக்கமாக இருந்தது.

ஆகவே, அயல்நாடு செல்ல விழையும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கள் கூறுவோம். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்று, வேலைச் சான்று ஆகியவற்றைப் பொன்போல் காத்து வையுங்கள். அவை இல்லாமையால் லட்சக்கணக்கான நம்மவர், பிறந்த மண்ணிலேயே அந்நியர் ஆயினர். மற்றொன்று: மார்க்குக் குறைந்தால் மனம் தளராதீர்கள்; கூடினால் செருக்கடையாதீர்கள். அந்த எண், ஒரு நாட்டின் ஓராண்டுத் தேவையைக் காட்டுமேயன்றி, உங்கள் மதிப்பைக் காட்டாது. பெற்றோர்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக. அட்டவணையில் இடம் பெறாத அண்ணன், மார்க்கு வாங்கிக் கப்பலேறிய தம்பியினும் தாழ்ந்தவன் அல்லன்.

குளோங் தோம் சென்ற பொற்கொல்லன் தன் உரைகல்லைத் தன் கையிலேயே வைத்திருந்தான். நம் மக்களும் எந்நாடு செல்லினும் அங்ஙனமே வைத்திருப்பார்களாக. தமிழ் மக்கள் எங்கிருந்தாலும் நலமுற வாழ்க!