‘சபர்பிகான்’ திரைப்படமும் லெவிட்டவுன் வரலாறும்

வரலாற்று நிகழ்வொன்றைக் கருவாகக் கொள்ளும் புனைவு, எதனை ஏற்கிறது, எதனை விடுக்கிறது என்பது ஆய்வுக்குரிய வினாவாகும். ஜார்ஜ் குளூனி இயக்கத்தில் 2017ஆம் ஆண்டு வெளிவந்த ‘சபர்பிகான்’ என்னும் அங்கதக் குற்றத் திரைப்படத்தை முன்வைத்து, இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

படத்தின் கதை 1959இல் அமெரிக்கப் புறநகர் ஒன்றில் நிகழ்கிறது. அதில் இரு கதைகள் இணைந்துள்ளன. காப்பீட்டுத் தொகைக்காக மனைவியைக் கொல்வித்து, அவளுடைய இரட்டைச் சகோதரியுடன் வாழ முற்படும் குடும்பத்தலைவனின் கதை ஒன்று. அவ்வூரில் புதிதாகக் குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை ஊரார் சூழ்ந்துகொள்ளும் கதை மற்றொன்று. முன்னது கோயன் சகோதரர்கள் 1986இல் எழுதியது. பின்னது குளூனியும் கிராண்ட் ஹெஸ்லோவும் பிற்காலத்தில் சேர்த்தது.

பின்னதற்கு மூலமாக அமைந்தது பென்சில்வேனியா மாநிலத்து லெவிட்டவுன் நகராகும். வில்லியம் லெவிட்டின் நிறுவனம் 1952 முதல் 1958 வரை அங்கு 17,311 வீடுகளைக் கட்டியது. போரிலிருந்து திரும்பியோர்க்கு அரசின் பொறுப்புறுதி பெற்ற கடன்வழி எளிதிற் கிட்டிய அவ்வீடுகள் கறுப்பினத்தவர்க்கு விற்கப்படவில்லை. இன அடிப்படையிலான சொத்து ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் அந்நிலை நீடித்தது.

முன்னாள் போர்வீரரான வில்லியம் மையர்ஸும் அவர்தம் துணைவியார் டெய்சியும் அங்கு ஏற்கெனவே வாழ்ந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கி, 1957 ஆகஸ்டில் குடியேறினர். கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. மாநிலக் காவற்படை வரவழைக்கப்பட்டது. அண்மையிலிருந்த வெற்று வீடொன்றில் எதிர்ப்பாளர் கூடி, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை ஏற்றி, உரத்த இசையால் அக்குடும்பத்தாரின் அமைதியைக் குலைத்தனர்.

ஊரார் ஒரு வீட்டை நோக்கிக் கூச்சலிட, கொலை மற்றொரு வீட்டில் நிகழ்கிறது. இம்முரணே படத்தின் அங்கதத்திற்கு உயிர்நாடி. 1957ஆம் ஆண்டின் ஆவணப்படக் காட்சிகளும் இடையே சேர்க்கப்பட்டிருப்பதால், அக்கூச்சல் கற்பனையன்று என்பது உறுதிப்படுகிறது. வரலாற்றைப் பயன்கொண்ட முறையில் இது படத்தின் வலிமை எனலாம்.

எனினும் குறையும் உண்டு. படத்தில் கறுப்பினக் குடும்பத்தார் பேசுவது மிகச் சிறிதே. வரலாற்றிலோ டெய்சி மையர்ஸ் தம் அனுபவங்களை 2005இல் நூலாகவே வெளியிட்டார். குவேக்கர் சமயத்தாரும் யூதரும் உள்ளிட்ட அண்டை அயலார் சிலர் அக்குடும்பத்திற்குத் துணைநின்றனர். மாநில அரசு நீதிமன்றத்தை அணுகித் தொல்லை தந்தோர்க்கு எதிராகத் தடையாணை பெற்றது. இவற்றுக்குப் படத்தில் உரிய இடமில்லை.

அங்கதம் ஊரார் அனைவரையும் ஒரே வண்ணத்தில் தீட்ட விழைகிறது. அவ்வாறு தீட்டும்போது துணைநின்றோரின் துணிவு மறைகிறது. அதனோடு வன்முறையாளரின் பொறுப்பும் மங்குகிறது. அயலாராக நடந்துகொள்ளும் வழி அவர்கள் கண்முன்னரே இருந்தது. அவர்கள் அதனைத் தேரவில்லை. லெவிட்டவுன் வரலாற்றில் மறக்கலாகாத உண்மை இதுவேயாகும்.